எந்த மருந்து என்று நான் கேட்கவில்லை

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடங்கள் இருக்கும். மாரி ஓய்ந்து வருகிற தை மாதம். ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் பாய் வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தபோது நடந்த சம்பவம் இது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. நெடுந்தீவில் இருந்த சின்ன டிஸ்பென்சரியில் பிள்ளைப்பேறு பார்க்கிற மிசியாக வேலை செய்தேன். எங்கள் பக்கத்தில் நர்ஸ்மாரையும் மருத்துவிச்சிமாரையும் ‘மிசி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த நாட்களில் என்னைப்போலக் கவனமான ஆள் தீவிலேயே இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. கத்தரிக்கோல் கொதிதண்ணீரில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று மூன்று தரம் கேட்பேன். போத்தல் மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று அலுமாரியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பேன். என்னோடு வேலை செய்த ஓடலி, அதாவது டிஸ்பென்சரி உதவியாள், நான் வருவதைக் கண்டால் முதலில் கையைக் கழுவிவிட்டுத்தான் வணக்கம் சொல்வார். அதைப் பயம் என்று நான் எடுக்கவில்லை, மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

முந்தின கார்த்திகையில் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களுக்கு வந்த மருந்துப் பெட்டி வள்ளத்திலேயே நனைந்துவிட்டது. திறந்து பார்த்தால் குளிசை மாத்திரைகள் எல்லாம் கரைந்து களியாகிக் கிடந்தன. பஞ்சு பூஞ்சணம் பிடித்திருந்தது. கடல் கொந்தளிப்பு அடங்கி அடுத்த பெட்டி வருவதற்கு இரண்டு கிழமை, முழுதாகப் பதினாலு நாள், ஆயிற்று. அந்த இரண்டு கிழமையும் காய்ச்சலோடு வந்த பிள்ளைகளை, ஈரத்துணி போடச் சொல்லி வெறுங்கையோடு அனுப்பினேன். நல்ல காலம், பிள்ளைகள் தாமாகவே தேறிவிட்டன. ஆனால் அந்தத் தாய்மாரின் முகங்கள் என்னை உலுப்பிவிட்டன. நான் ஏறுகிற வள்ளத்தில் மருந்து வந்தால் இனி ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடமாட்டேன் என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன்.

தங்கையின் கலியாணத்துக்காக ஒரு மாத லீவில், ஊர்காவற்றுறைக்குக் கிட்ட உள்ள நாரந்தனைக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்திருந்தேன். கலியாணம் நல்லபடி நடந்து, பலகாரத்தில் மிஞ்சியதை ஒரு பெட்டியில் கட்டிக்கொண்டு காலையில் துறைக்குப் போனேன். வள்ளத்தை ஓட்டுகிற தண்டையல் என்னைக் கண்டதும் கையைக் காட்டினார்.

“மிசி, உங்கடை டிஸ்பென்சரிக்கு மருந்து வந்திருக்கு. ஒரு ஆள் கொண்டுவந்து நிக்கிறார்.”

பார்த்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கால்மாட்டில் ஒரு மரப்பெட்டியோடு நின்றார். பெட்டிக்கு இரண்டு பக்கமும் கயிற்றுப் பிடி. மேலே ஒட்டியிருந்த கடுதாசி மழையில் ஊறி, எழுத்தெல்லாம் கரைந்துபோயிருந்தது. மனிதருக்கு வலது காது கொஞ்சம் மந்தம் போல. நான் பேசத் தொடங்கியதும் இடது காதைத் திருப்பினார்.

“டிஸ்பென்சரிக்கோ அண்ணை?” என்று கேட்டேன்.

“ஓம் மிசி. டிஸ்பென்சரிக்குத்தான் மருந்து. அரசாங்கக் கச்சேரியிலை கடுதாசி எடுத்துத்தான் கொண்டுவாறன்.”

“நனையப்படாது, என்ன?”

“ஓம் ஓம். நனைஞ்சால் ஒண்டுக்கும் உதவாது. திரி என்னட்டை வேறையாக் கிடக்கு. மருந்தோடை திரியை ஒருநாளும் வைக்கிறேல்லை.”

புண்ணுக்குள் வைக்கிற துணிப்பட்டியை நாங்கள் திரி என்றுதான் சொல்வோம். மருந்துப் போத்தலோடு திரியைச் சேர்த்து வைத்தால் கறைபட்டுவிடும் என்று நான் எங்கள் ஓடலிக்கு எத்தனையோ தரம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். இந்த மனிதருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் வேலை பார்த்த ஆளாக்கும் என்று நானே முடிவு செய்தேன். அவரிடம் அதையும் கேட்கவில்லை.

வள்ளத்தில் நாங்கள் எட்டுப் பேர். தண்டையல், சமையலும் பாயும் பார்க்கிற அவருடைய மச்சான், மருந்துக்காரர், நான், இரண்டு மாட்டு வியாபாரிகள், ஒரு புருஷனும் பெண்சாதியும். அந்தப் பெண் நிறைமாதக் கர்ப்பிணி. ஊர்காவற்றுறையில் தாய்வீட்டில் இருந்துவிட்டு, பேறு என்னிடம்தான் என்று பிடிவாதமாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பிடிவாதம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

மருந்துக்காரர் பெட்டியை வள்ளத்தின் முன்பக்கத்தில் தன் கையாலேயே வைத்து, படங்குச் சீலையைப் போட்டு மூடி, பக்கத்தில் உட்கார்ந்தார். வியாபாரிகளில் மூத்தவர் சுருட்டை எடுத்தபோது, “அண்ணை, மருந்துக்குக் கிட்டச் சுருட்டு வேண்டாம். பின்னாலை போய்ப் பத்துங்கோ” என்றார். வியாபாரி முகத்தைச் சுளித்தார். நான் விடுவேனா? சுருட்டு நாற்றம் பஞ்சில் ஏறினால் பிறகு போகவே போகாது என்று அவருக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். மருந்துக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மெச்சுகிறார் என்று நினைத்தேன்.

வாடைக்காற்று நன்றாகத்தான் கொண்டுபோனது. புங்குடுதீவுக் கரை பின்னால் மறைகிறபோது காற்று விழுந்துவிட்டது. பாய் தொங்கிப்போனது. அலை மட்டும் வள்ளத்தை இருந்த இடத்திலேயே போட்டு ஆட்டியது. மருந்துக்காரர் வலிகாமத்துச் செம்மண்ணில் பிறந்து வளர்ந்தவராம். கடல் அவருக்கு ஒத்துவரவில்லை. இரண்டு தரம் சத்தி எடுத்தார். மூன்றாம் தரம் எடுக்க ஒன்றும் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். முன்பக்கத்தில் ஆட்டம் கூட என்று தண்டையல்தான் அவரைக் கைத்தாங்கலாகப் பின்னுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார். போகும்போது அவர் என்னிடம், “மிசி, பெட்டியை ஒருக்கால் பாத்துக்கொள்ளுங்கோ” என்றார். சொல்லிவிட்டுச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

என்னிடம் ஒப்படைத்த பிறகு கேட்க வேண்டுமா?

கொஞ்ச நேரத்தில் தூறல் தொடங்கியது. முன்பக்கத்தில் அலை அடித்துத் துமித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் படங்கைத் தூக்கிப் பார்த்தேன். பெட்டியின் ஒரு பக்கப் பலகை ஈரமாகியிருந்தது. கார்த்திகையில் களியாகிப்போன குளிசைகள்தான் உடனே கண்ணுக்கு முன்னால் வந்தன. வள்ளத்தின் நடுவில் ஓலைக்கூரை போட்ட ஒரு சின்ன இடம் இருந்தது. மண் நிரப்பிய தட்டில் அடுப்பு வைத்து, தண்டையலின் மச்சான் மத்தியானத்துக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். கர்ப்பிணிப் பெண்ணை நான் முதலிலேயே அங்கே கொண்டுவந்து இருத்தியிருந்தேன். முழு வள்ளத்திலும் காய்ந்து கிடந்த ஒரே இடம் அதுதான்.

வியாபாரிகள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, பெட்டியைத் தூக்குவித்து, அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தேன். “இன்னும் கொஞ்சம் கிட்ட வையுங்கோ” என்றும் சொன்னேன். ஈரமான பக்கத்தை நெருப்புப் பக்கமாகத் திருப்பச் சொன்னதும் நான்தான். அடுப்புக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு முழம் இடம் இருக்கும். அந்த ஒரு முழத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். பெட்டியில் சாய்ந்தால் முதுகுக்கு வசதியாகவும் இருந்தது.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். திரியை வேறாக வைத்தார், சுருட்டை விலக்கினார், பெட்டியை விட்டு அசையாமல் இருந்தார். இதில் ஒன்றாவது என்னை யோசிக்க வைத்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. விளக்கம் இருந்த இடத்தில் கேள்விக்கு இடம் இருக்கவில்லை.

மச்சான் ஊமலை அள்ளி அடுப்பில் போட்டார். பனங்கொட்டையின் காய்ந்த கோதுதான் ஊமல். நன்றாக எரியும், இடைக்கிடை படீரென்று வெடித்துப் பொறி பறக்கும். ஒரு பொறி வந்து என் சேலையில் விழுந்தது. தட்டிவிட்டேன். மிளகு அளவில் ஒரு பொத்தல். கலியாணத்துக்கு எடுத்த புதுச்சேலை. மச்சானைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, வயிறு எப்படி இருக்கிறது, பிள்ளை துடிக்கிறதா என்று அந்தப் பெண்ணை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அவள் இரக்கமுள்ளவள். மருந்துக்காரர் ஒன்றும் சாப்பிடாமல் கிடக்கிறாரே என்று, தன் புருஷனிடம் ஒரு கோப்பை கஞ்சித் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். அவர் எழுந்து உட்கார்ந்து ஒரு மிடறு குடித்தார். குடித்துவிட்டு முன்பக்கம் பார்த்தார்.

“பெட்டி எங்கை?”

“பயப்பிடாதேங்கோ அண்ணை,” என்றேன் நான், உள்ளே இருந்தபடியே. “நனையாமல் அடுப்படியிலை வைச்சிருக்கிறன். ஈரமும் காய்ஞ்சுபோச்சு.”

கோப்பை அவருடைய கையிலேயே நின்றது. அவருடைய முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவர் சத்தம் போடவில்லை. கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். சால்வையை எடுத்துக் கடலுக்குள் முக்கினார். நீர் சொட்டச் சொட்ட அதைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு நேரம் தலைதூக்க முடியாமல் கிடந்த மனிதர், தவழ்ந்து தவழ்ந்து எங்களிடம் வந்தார்.

“தம்பி, பானையை இறக்க வேண்டாம். நெருப்பைக் கிண்டவும் வேண்டாம். கையை அப்பிடியே வைச்சிரும்.” இது மச்சானுக்கு. குரல் கோயிலில் பேசுகிற மாதிரித் தாழ்வாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். “மிசி, நீங்கள் அசையாதேங்கோ. இப்ப உங்கடை சீலைதான் மறைப்பு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஈரச் சால்வையைப் பெட்டியின்மேல் விரித்ததுதான் எனக்குத் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்ன அண்ணை செய்யிறியள்? நனைஞ்சால் பழுதாப் போம் எண்டு நீங்கள்தானே சொன்னியள்?”

“பழுதாப் போகட்டும் மிசி,” என்றார், என் காதுக்குக் கிட்ட வந்து. “உது குடிக்கிற மருந்தில்லை. கல்லு உடைக்கிற மருந்து.”

எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. கிணறு வெட்டுகிறபோது கருங்கல் மாதிரி இறுகிய சுண்ணக்கல்லுக்குக் குழி போட்டு, கறுப்புத் தூளை இட்டு, திரி கொளுத்தித் தகர்ப்பார்களே, அந்த மருந்து. ஒரு பெட்டி நிறைய. அதில்தான் நான் சாய்ந்துகொண்டு பிள்ளை துடிக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் அசையாதே என்று சொல்லியிருந்தார். வேலைக்கு வந்த நாள் முதல் மற்றவர்களுக்கே கட்டளை போட்டுப் பழகியவள், அன்றைக்கு மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவருடைய கட்டளைக்குக் காத்திருந்தேன். எனக்கு எதிரே அந்தப் பெண் ஒன்றும் தெரியாமல் இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க முடியாமல் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் இளைய வியாபாரியை ஒரு பக்கக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். தான் மற்றப் பக்கம் பிடித்தார். “மெல்லமா. இழுக்கப்படாது, தூக்க வேணும்.” இரண்டு பேரும் தூக்கினார்கள். ஓலைக்கூரைக்கு வெளியே போய், பாய்மரத்தைத் தாண்டி, முன்பக்கத்துக்குப் போகும்வரை நான் சேலைத் தலைப்பை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் இருந்தேன். பெட்டி பழைய இடத்தில் அமர்ந்து, படங்கும் மூடப்பட்ட பிறகு மருந்துக்காரர் அங்கிருந்து கையைக் காட்டினார். மச்சான் பானையை அப்படியே விட்டுவிட்டு, நெருப்பின்மேல் இரண்டு பக்கமும் மண்ணை வாரிப் போட்டு, ஈரச்சாக்கால் மூடினார். அவருக்கும் அந்த வார்த்தை கேட்டிருந்தது.

மூத்த வியாபாரிக்கு மட்டும் பெரிய மனக்குறை. அரிசி வேகவில்லை, நெருப்பை அணைக்க இவர்களுக்கு என்ன விசரா என்று நெடுந்தீவுக் கரை தெரிகிறவரை புறுபுறுத்துக்கொண்டே வந்தார். நான் ஒரு கலியாணப் பலகாரத்தை எடுத்து அவருக்குக் கொடுத்தேன். இரண்டாவதும் கொடுத்தேன். அவர் எங்களோடு இருந்து புறுபுறுத்துக்கொண்டிருப்பதே அந்த நேரத்தில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பின்னேரம் காற்று எழும்பி, வள்ளம் கரை சேர்ந்தது. எல்லாரும் இறங்கிப் போன பிறகு நான் மருந்துக்காரருக்கு முன்னால் போய் நின்றேன். அவரே விஷயத்தைச் சொன்னார். எங்கள் டிஸ்பென்சரிக் கிணறு உவராகிப்போனதால், நான் லீவில் நின்ற மாதத்தில் வளவின் மற்றப் பக்கத்தில் புதுக்கிணறு வெட்டத் தொடங்கியிருந்தார்களாம். பதினைந்து அடியில் பாறை வந்து, வேலை நின்றதாம். வெட்டுகிற ஆட்களை அங்கேயே விட்டுவிட்டு, மருந்து எடுத்துவர யாழ்ப்பாணம் போய் வந்த கல்வெடிகாரர்தான் அவர். டிஸ்பென்சரிக்கு மருந்து என்று அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை. இருபது வருடமாக அந்தத் தூளை அவரும் அவருடைய ஆட்களும் மருந்து என்றுதான் சொல்லி வந்தார்கள். வலது காது போனதும் அந்த மருந்தால்தான்.

“அண்ணை, பிழை என்னிலைதான்,” என்றேன். அழுகை வந்துவிட்டது. “நான் கேக்காமல் எடுத்து வைச்சிட்டன்.”

“உங்களிலை மட்டுமில்லை மிசி. கடுதாசி கரைஞ்சதைக் கண்டும் நான் வாயாலை சொல்லேல்லை. வள்ளத்திலை அந்தச் சொல்லை எடுக்கப்படாது எண்டு நினைச்சனான்.”

எந்தச் சொல் என்று கேட்டேன். அன்றைக்கு நான் உருப்படியாகக் கேட்ட முதல் கேள்வி அது. அவர் தண்டையலைப் பார்த்தார். தண்டையல்தான் பதில் சொன்னார். வள்ளத்தில் ஏறினால் ‘வெடி’ என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள். பலகை பிளந்தாலும் வெடித்தது என்றுதானே சொல்கிறோம். அதனால் கடலில் அந்தச் சொல்லைச் சொன்னால் வள்ளத்துக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. முன்னொரு தரம் வேறொரு வள்ளத்தில் தான் ‘வெடிமருந்து’ என்று வாய் தவறிச் சொல்லி, அந்தத் தண்டையல் தன்னைத் துறையிலேயே இறக்கிவிட்டார் என்று கல்வெடிகாரர் சொன்னார். அன்று முதல் துறையில் நிற்கும்போது ‘மருந்து’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். கேட்ட எங்கள் தண்டையலும் என்னைப் போலவே குளிசைப் பெட்டி என்று நினைத்துத்தான் ஏற்றியிருக்கிறார்.

தண்டையல் வள்ளத்தின் பலகையைக் கையால் தட்டிப் பார்த்தார்.

“சொல்லாலை பலகை வெடிக்காது,” என்றார். “இனிமேல் என்ரை வள்ளத்திலை வெடிமருந்தை வெடிமருந்து எண்டே சொல்லுங்கோ. அண்டைக்கு அடுப்பு மூட்டிறேல்லை.”

அவர் அதைக் கடைசிவரை கடைப்பிடித்தார். அப்படியான பெட்டி ஏறுகிற நாட்களில் கரையிலேயே சமைத்து, சோற்றை மூடிக் கொண்டுவருவார். முன்பக்கத்தில் ஒரு சிவப்புத் துணியும் கட்டுவார். மற்ற வள்ளக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் கட்டத் தொடங்கினார்கள்.

எனக்கோ ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. எங்களுடைய உண்மையான மருந்துப் பெட்டி இரண்டு நாள் கழித்து வந்தபோது, அதைக் கொண்டுவந்தவரிடம் “எந்த மருந்து? குடிக்கிறதோ, பூசிறதோ, வேறையோ?” என்று கேட்டேன். அவர் பயந்துபோய், கட்டை அவிழ்த்தே காட்டினார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஓடலி ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார். ‘எந்த மருந்து மிசி’ என்றால் நெடுந்தீவில் தெரியாத ஆள் இல்லை. என்னிடம் பேறு பார்த்த பெண்கள்கூட வீட்டில் அப்படித்தான் சொல்லிச் சிரிப்பார்களாம். எனக்குக் கோபம் வரவில்லை. இப்படி ஒரு பெயரை இவ்வளவு மலிவான விலையில் யாரும் வாங்கியிருக்கமாட்டார்கள்.

ஆனால் அந்த மலிவு எவ்வளவு என்று எனக்கு உண்மையிலேயே விளங்கியது, கரைக்கு வந்த நாலாம் நாள்தான்.

அன்று காலையில் பாறைக்கு வெடி வைத்தார்கள். முதல் நாளே வீடு வீடாகச் சொல்லியாயிற்று. ஆடுமாடுகளைத் தூரமாகக் கட்டினார்கள். டிஸ்பென்சரிக்குப் பொறுப்பான அப்போதிக்கரி ஐயா நோயாளிகளை வளவுக்கு வெளியே அனுப்பினார். கல்வெடிகாரர் என்னிடம் வந்து, “மிசி, யன்னல் எல்லாத்தையும் திறந்து விடுங்கோ. பூட்டியிருந்தால் கண்ணாடி போயிடும்” என்றார். நான் திறந்துவிட்டு, அவர் காட்டிய தூரத்தில், ஒரு கல்வேலிக்குப் பின்னால் போய் நின்றேன். அவருடைய ஆள் கிணற்றடியில் நின்று மூன்று தரம் கூப்பாடு போட்டுவிட்டு ஓடிவந்தான். அவர் கடைசியாக வந்தார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார்.

முதலில் நிலம் காலுக்குக் கீழே ஒரு தரம் உதறியது. பிறகுதான் சத்தம் வந்தது. நெஞ்சில் யாரோ கையால் அடித்த மாதிரி இருந்தது. கிணற்று வாயிலிருந்து வெள்ளையாகப் புழுதி எழும்பியது. அதற்குள்ளிருந்து ஒரு கல், இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க ஏலாத ஒரு கல், பனையின் பாதி உயரத்துக்குப் போய்த் திரும்பி விழுந்தது. சிறு கற்கள் கல்வேலிவரை வந்து தெறித்தன. தீவில் இருந்த காகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிக் கத்தின.

எல்லாம் அடங்கிய பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். நான் கேட்காமலே இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்துக் காட்டினார்.

“ரெண்டு சிறங்கைதான் மிசி போட்டனான்.”

“பெட்டிக்குள்ளை மிச்சம்?”

“நிரம்பக் கிடக்கு.”

நான் கல்வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். வள்ளத்தில் இருந்த எட்டுப் பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். புறுபுறுத்த வியாபாரி, கோப்பையில் கஞ்சித் தண்ணீர் அனுப்பிய பெண், அவளுடைய வயிற்றில் கிடந்ததையும் சேர்த்தால் ஒன்பது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் பக்கத்தில் இருந்து வெற்றிலை மடித்துத் தந்தார். இரண்டு பேருமாகச் சப்பிக்கொண்டு புழுதி அடங்குவதைப் பார்த்திருந்தோம். அன்றைய காலையைப் போல நிம்மதியான காலை எனக்கு அதற்குப் பிறகு அதிகம் வாய்க்கவில்லை.

மாசி கடைசியில் அந்தக் கிணற்றில் தண்ணீர் கண்டார்கள், வாயில் வைத்தால் உப்புக் கரிக்காத நல்ல தண்ணீர். அதற்குப் பிறகு பதினொரு வருடம் அந்தத் தீவில் பிறந்த எத்தனையோ பிள்ளைகளை அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினேன். வாளியை இழுத்து மேலே எடுக்கிற ஒவ்வொரு தரமும், இவ்வளவு நன்மையைச் செய்கிற பொருளைத்தான் தெரியாமல் நெருப்புக்குக் கிட்டத் தள்ளிக்கொண்டிருந்தேன் என்பது நினைவுக்கு வரும், உடனே பக்கத்தில் நிற்கிறவரிடம் எனக்குத் தெரிந்த ஏதோ ஒன்றைப் பற்றிக்கூட ஒரு தரம் கேட்டுவிடுவேன்.